ஊராட்சியாகவே இருப்பதா, பேரூராட்சி ஆவதா, மாநகராட்சியோடு சேர்வதா? காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களை வைத்து ஒரு கணக்கு

சிவகங்கை மாவட்டத்தில் அதிக மக்கள் வாழும் ஊர் சிவகங்கை அல்ல, காரைக்குடி. 2011 கணக்கெடுப்பில் காரைக்குடி நகராட்சிக்குள் மட்டும் 1,06,714 பேர். மாவட்டத் தலைநகரான சிவகங்கையில் 40,000-ஐச் சற்றே தாண்டிய மக்கள்தொகை. அழகப்பா பல்கலைக்கழகம், சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், ரயில் ஜங்ஷன் எல்லாம் காரைக்குடியில் இருக்கின்றன. கலெக்டர் அலுவலகம் சிவகங்கையில். கோட்டாட்சியரைப் பார்க்க வேண்டுமென்றால் தேவகோட்டைக்குப் போக வேண்டும். ஓர் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும், அரசு அந்த ஊருக்கு என்ன தகுதி தருகிறது என்பதும் தனித்தனிப் பாதையில் போகும் என்று புரிந்துகொள்ள இந்த ஒரு மாவட்டமே போதும்.

அந்தக் காரைக்குடி 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. கூடவே புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல். இந்த நான்கோடு தமிழ்நாட்டு மாநகராட்சிகளின் எண்ணிக்கை 25 ஆனது. அதற்கு இரண்டு மாதம் முன்னால், 2024 ஜூனில், சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் வந்தது. மாநகராட்சி ஆக 3 லட்சம் மக்களும் 30 கோடி ரூபாய் ஆண்டு வருமானமும் வேண்டும் என்று இருந்ததை 2 லட்சம், 20 கோடி என்று குறைத்தார்கள். குறைத்த பிறகும் காரைக்குடி நகராட்சி தனியாக நின்று அந்த அளவை எட்டுவது கடினம். ஆகவே கோட்டையூர், கண்டனூர் என்ற இரண்டு பேரூராட்சிகளும், சங்கராபுரம், அரியக்குடி, கோவிலூர், இலுப்பைக்குடி, தளக்காவூர் என்ற ஐந்து ஊராட்சிகளும் அதோடு சேர்க்கப்பட்டன. புதுக்கோட்டையோடு 11 ஊராட்சிகள், நாமக்கல்லோடு 12, திருவண்ணாமலையோடு 18 ஊராட்சிகள் என்று மற்ற இடங்களிலும் இதே கதைதான். நகரத்துக்குத் தகுதி வேண்டுமென்றால் பக்கத்து ஊர்களின் தலைகளும் எண்ணிக்கையில் வந்தாக வேண்டும். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏனென்றால் இது அந்த நான்கு நகரங்களோடு நின்றுவிடவில்லை. 2025 ஜனவரியில் 13 புதிய நகராட்சிகள், 25 புதிய பேரூராட்சிகள் என்று அறிவிப்பு வந்தது, கூடவே நூற்றுக்கணக்கான ஊராட்சிகளை அருகிலுள்ள நகரங்களோடு இணைக்கும் திட்டமும். அந்த ஜனவரி 26 கிராம சபைகளில் பல ஊர்கள் 'எங்களைச் சேர்க்காதே' என்று தீர்மானம் போட்டன. சில ஊர்களில் மறியல்கூட நடந்தது. இன்னொரு பக்கம், 'எப்போது எங்களை நகராட்சியாக்குவீர்கள்' என்று மனுக் கொடுக்கும் ஊர்களும் இருக்கின்றன. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பிலுமே பெரும்பாலும் பேச்சு 'பெருமை', 'வரி' என்ற இரண்டு சொல்லுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டைவிடக் கனமான விஷயங்கள் உண்டு.

முதலில் மக்கள்தொகை. நாம் எல்லோரும் சொல்லும் எண்கள் 2011-ல் எடுத்தவை. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து அடுத்தது நடக்கிறது. காரைக்குடியில் பழைய நகராட்சிக்குள் இடம் கிடைக்காமல் வீடு கட்டியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தது சங்கராபுரம் மாதிரி ஓரத்து ஊராட்சிகளில்தான். எனவே நகரத்தின் எண்ணைவிட ஓரத்து ஊர்களின் எண்தான் அதிகம் பழசாகிப் போயிருக்கிறது. உங்கள் ஊராட்சியில் 2011-ல் 6,000 பேர் என்று போட்டிருந்தால் இன்று அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். வீட்டு வரிப் பதிவேட்டில் எத்தனை வீடு, எத்தனை குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியலில் எத்தனை பேர், எத்தனை மின் இணைப்பு என்று இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு உண்மையான உருவம் கிடைக்கும். வாக்காளர் பட்டியலில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வரமாட்டார்கள், வாடகைக்கு வந்தவர்களில் பலர் சொந்த ஊரிலேயே ஓட்டை வைத்திருப்பார்கள், அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கணக்கெடுப்புத் துறை ஓர் ஊரை நகரம் என்று சொல்வதற்கு ஒரு அளவுகோல் உண்டு. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முழுநேரம் உழைக்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் அது 'கணக்கெடுப்பு நகரம்'. 2011-ல் தமிழ்நாட்டில் இப்படி 376 ஊர்கள் இருந்தன. வாழ்க்கை நகரம், நிர்வாகம் ஊராட்சி. தெருவுக்குத் தெரு ஹார்டுவேர் கடை, திருமண மண்டபம், இரண்டு மெட்ரிக் பள்ளிக்கூடம், ஆனால் சாக்கடையை அள்ள நான்கு தூய்மைக் காவலர்கள். இந்த ஊர்களுக்குத்தான் முடிவெடுப்பது கஷ்டம். நெல்லும் கடலையும் விளையும் ஊராட்சிக்கு இந்தக் குழப்பம் கிடையாது, அது அப்படியே இருக்கட்டும்.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்ற பெயர்களுக்குப் பின்னால் நிற்கும் உண்மையான வித்தியாசம், எந்தக் கஜானாவிலிருந்து எந்த வழியாகப் பணம் வரும் என்பதுதான். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை, தமிழ்நாடே ஒருமுறை அதைச் செய்து காட்டியிருக்கிறது. 2004-ல் மாநில அரசு 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ஒரே அடியாகச் 'சிறப்புச் சிற்றூராட்சி' என்று மாற்றியது. ஊரகம் என்று பெயர் இருந்தால்தான் மத்திய அரசின் ஊரகத் திட்டப் பணம் கிடைக்கும் என்பது காரணம். 2006-ல் ஆட்சி மாறியதும் அவை மறுபடி பேரூராட்சி ஆயின. அந்த இரண்டு வருடத்தில் அந்த ஊர்களின் தெருவோ குளமோ மாறவில்லை, கோப்பு போகும் துறை மட்டும் மாறியது.

ஊரகம் என்ற பெயரோடு வருவதில் முதலில் நிற்பது நூறு நாள் வேலை. 2025-26க்குத் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 336 ரூபாய். 2025 டிசம்பரில் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்து 125 நாள் என்று சொன்னார்கள், ஆனால் அதுவும் ஊரகக் குடும்பத்துக்கு மட்டும்தான். உங்கள் ஊராட்சியில் 300 குடும்பங்கள் வருடத்துக்குச் சராசரியாக 50 நாள் வேலைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 லட்ச ரூபாய்க்கு மேல் கூலியாக ஊருக்குள் வருகிறது. பெரும்பாலும் பெண்கள் கையில், நேராக வங்கிக் கணக்கில். நகரத்தோடு இணைந்த மறுநாள் அது நின்றுபோகும். நகர்ப்புறத்துக்கென்று 2022-ல் மாநில அரசு ஒரு வேலைவாய்ப்புத் திட்டம் தொடங்கியது உண்மை. ஆனால் அது சோதனை முயற்சியாகச் சில மண்டலங்களிலும் சில நகராட்சி, பேரூராட்சிகளிலும் மட்டும் தொடங்கியது, சட்டப்படியான உரிமை அல்ல. ஆகவே 'அங்கேயும் வேலை தருவார்கள்' என்று யாராவது சொன்னால், எந்த அரசாணை, எங்கள் வார்டுக்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் வீடு. பிரதமர் வீட்டுத் திட்டம் ஊரகத்துக்கு ஒரு பிரிவு, நகரத்துக்கு இன்னொரு பிரிவு. மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம், வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய் தருவது, ஊரகத்துக்கானது. ஜல் ஜீவன் குழாய் இணைப்பும் ஊரகத்துக்குத்தான். நகரத்துக்கு அம்ருத் என்ற மத்திய அரசின் குடிநீர், கழிவுநீர்த் திட்டம் இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள்கூட ஊரக இயக்கத்திலிருந்து நகர்ப்புற இயக்கத்துக்கு மாற வேண்டியிருக்கும். நிலம் கையகப்படுத்தும் 2013 சட்டத்திலும் ஊரக நிலத்துக்குச் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையிலான ஏதாவது ஒரு பெருக்கியால் பெருக்க இடமுண்டு, நகர்ப்புறத்தில் அது வெறும் 1. புறவழிச்சாலை வரப்போகும் ஊர்க்காரர்கள் இந்த ஒரு வரியை இரண்டு முறை படித்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் கேட்டவுடன் ஊராட்சியாகவே இருந்துவிடலாம் என்று தோன்றும். அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். ஊராட்சிக்கு முழுநேர ஆள் என்றால் ஒரு செயலர், ஊரில் கிளார்க் என்று கூப்பிடுவோம். கூட மோட்டார் போடும் டேங்க் ஆபரேட்டர்கள், தூய்மைக் காவலர்கள். பொறியாளர் யூனியன் ஆபீஸில், அவருக்கு இதுமாதிரி ஏராளமான ஊராட்சிகள். 3,000 பேர் உள்ள கிராமத்துக்கு இந்த ஏற்பாடு ஓடும். 15,000 பேர், அதிலும் பாதி வீடு மாடிவீடு, எல்லோர் வீட்டிலும் போர்வெல், எல்லோர் வீட்டிலும் செப்டிக் டேங்க் என்று ஆன ஊரில் ஓடாது. குப்பையைக் கொட்ட இடம் இருக்காது, கண்மாய்க் கரையில் கொட்டுவார்கள். செப்டிக் டேங்க் லாரி எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்று யாருக்கும் தெரியாது. செட்டிநாட்டுப் பக்கம் ஒவ்வொரு ஊரிலும் ஊருணி உண்டு. குடிக்கவே அந்தத் தண்ணீரை எடுத்த காலம் அதிக தூரத்தில் இல்லை. இன்று புதுக் குடியிருப்புகளின் கழிவுநீர் தாழ்வான இடம் தேடி ஓடி அதே ஊருணியில் போய் விழுகிறது. இதைத் தடுக்க ஊராட்சியிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகுந்த வருத்தம் உண்டு. ஊராட்சியாகவே இருப்போம் என்று போராடுகிறவர்கள் ஊருணிக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று நான் பார்க்கிற எல்லோரிடமும் கேட்கிறேன்.

ஊராட்சியில் இன்னொரு பெரிய பலம் இருக்கிறது, அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. தலைவரை நேரடியாக நாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் 2022 தேர்தலில் கவுன்சிலர்களைத்தான் நாம் தேர்ந்தெடுத்தோம், தலைவரையும் மேயரையும் அவர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, அப்புறம் 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1. வரவு செலவைப் படிக்கச் சொல்லி எழுந்து நின்று கேட்கலாம், சாதாரண ஆள் கேட்கலாம். நகரத்தில் பகுதி சபா என்று 2022-ல் விதி வந்தது, நல்ல ஏற்பாடுதான், ஆனால் கிராம சபைக்கு இருக்கும் பழக்கமும் கூட்டமும் அதற்கு இன்னும் வரவில்லை.

ஆனால் அந்தப் பலம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது, அதன்பின் தனி அலுவலர்கள் கையில் போய்விட்டது. 'எங்கள் தலைவர், எங்கள் ஊர்' என்ற வாதம் தலைவர் நாற்காலியில் ஆள் இருக்கும்போதுதான் முழு எடை பெறும்.

அடுத்தது பேரூராட்சி. காரைக்குடிப் பக்கத்தில் பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் எல்லாம் பேரூராட்சிகள். கானாடுகாத்தான் ரொம்பச் சின்ன ஊர், 5,000 பேரை ஒட்டித்தான் இருக்கும். அரண்மனை மாதிரி வீடுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அப்படிப்பட்ட ஊருக்குத் தனக்கென்று ஒரு மன்றம் இருப்பது எவ்வளவு நல்லது என்று யோசித்துப் பாருங்கள். பேரூராட்சிக்குச் செயல் அலுவலர் உண்டு, இ.ஓ. என்று சொல்வோம். தனி அலுவலகம், தனி ஊழியர்கள், தனி பட்ஜெட். வருமானத்தைப் பொறுத்து இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று படி ஏறும். தமிழ்நாட்டில் 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது 490 பேரூராட்சிகள் இருந்தன. கிராமமும் இல்லாமல் நகரமும் இல்லாமல் நடுவில் இருக்கிற ஊர்களுக்கென்றே நம் மாநிலம் பல காலமாக வைத்திருக்கிற ஏற்பாடு இது. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்து நாடு முழுக்க இப்படி ஓர் அடுக்கு வேண்டும் என்று சொன்னபோது, நம்மிடம் அது முன்பே இருந்தது.

இதன் குறை என்ன? நூறு நாள் வேலை இங்கும் கிடையாது. ஊரகச் சலுகைகள் போகும். வரி உயரும். நகர்ப்புறச் சொத்து வரி ஏன் விடாமல் ஏறுகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 15-ஆவது நிதிக்குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்கு ஒரு குறைந்தபட்ச அளவை மாநிலம் அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்தில் வரி வசூலும் வளர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் வரி உயர்ந்தபோது அரசு சொன்ன காரணமும் அதுதான். சென்னையின் பழைய பகுதி தவிர மற்ற ஊர்களில் 600 சதுர அடிக்குக் கீழுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏறியது. அதன்பின் ஆண்டுதோறும் 6 சதவீதம் வரை ஏற்ற விதியில் இடம் வைத்தார்கள். கூடவே காலிமனை வரி, குப்பைக் கட்டணம், குடிநீர்க் கட்டணம். மனை வாங்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் காலிமனை வரிக்கு அலறுவார்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு வரி நியாயமானது, ஏனென்றால் ஆளில்லாத மனைக்கும் சேர்த்துத்தான் சாலையும் விளக்கும் போட வேண்டியிருக்கிறது.

ஆனால் கவனியுங்கள், பேரூராட்சியில் நீங்கள் கட்டும் வரி உங்கள் ஊருக்குள்ளேயே செலவாகும். இணைப்புக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு அதுதான். 18,000 பேர் உள்ள ஓர் ஊர் பேரூராட்சியாக இருந்தால் அதன் வாரச்சந்தை ஏலம், கடை வாடகை, சொத்து வரி எல்லாம் அந்த மன்றத்தின் மேஜைக்கு வருகிறது. அதே ஊர் மாநகராட்சியின் நான்கைந்து வார்டாக மாறினால் அந்த வருமானம் பொதுக் கணக்கில் போய்ச் சேரும், அங்கிருந்து உங்கள் தெருவுக்கு எவ்வளவு திரும்பி வரும் என்பதை வேறு வார்டுக்காரர்கள் முடிவு செய்வார்கள்.

நகராட்சி ஆவது சிலருக்கு மட்டுமே பொருந்தும், 30,000 பேர் வேண்டும். மானாமதுரை பேரூராட்சியாக இருந்து 2021-ல் நகராட்சி ஆன ஊர், 2011-லேயே 32,000 பேரைத் தாண்டியிருந்தது. தனக்கென்று ஒரு வியாபார வட்டம், சுற்றுக் கிராமங்கள் வந்து போகும் பேருந்து நிலையம், ரயில் சந்திப்பு எல்லாம் உள்ள ஊர் அது. அப்படி ஒரு நகரத்தின் நிழலில் இல்லாமல் தானே நிற்கும் ஊருக்கு நகராட்சி சரியான அடுத்த படி. காரைக்குடியின் ஓரத்தில் உள்ள ஊர்களுக்கு இந்த வழி கிட்டத்தட்ட இல்லை என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

இணைப்புக்கு வருவோம், இதுதான் எல்லோரும் சண்டை போடும் இடம். ஆதரித்துச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீரும் கழிவும் எல்லைக் கல்லைப் பார்த்து ஓடுவதில்லை. காரைக்குடிக்குச் சம்பை ஊற்று என்று ஒரு நல்ல தண்ணீர் மூலம் இருக்கிறது, ஊரே அதன் சுவையைப் பற்றிப் பேசும். நிலத்தடி நீர் நகரத்துக்குத் தனி, சங்கராபுரத்துக்குத் தனி என்று பிரிந்து கிடப்பதில்லை. சுற்றிலும் ஐம்பது செப்டிக் டேங்க் கசிந்தால் ஊற்று நகர எல்லைக்குள் இருக்கிறது என்பதால் அது தப்பிவிடாது. பாதாளச் சாக்கடை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், குப்பைக் கிடங்கு போன்றவற்றைச் சின்னச் சின்ன ஊர்கள் தனித்தனியே கட்டவும் முடியாது, நடத்தவும் முடியாது. கட்டினாலும் இயக்கும் செலவு விழுங்கிவிடும். நகரத்தோடு வீட்டுக்கு வீடு ஒட்டி, தெருவின் இந்தப் பக்கம் நகரம், அந்தப் பக்கம் ஊராட்சி என்று இருக்கும் இடங்களில் இணைப்புதான் சரி என்பது என் உறுதியான கருத்து. அங்கே எதிர்த்துக்கொண்டே இருந்தால் சாக்கடை இல்லாத தெருவில் இன்னும் இருபது வருடம் இருக்க வேண்டியிருக்கும்.

ஆனால் இணைந்துவிட்டால் வசதி வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்குச் சென்னை ஒரு எச்சரிக்கை. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சிகளை இணைத்தார்கள், 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி. 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆனது. அந்தப் புதுப் பகுதிகளில் பத்து வருடம் கழித்தும் பல இடங்களில் பாதாளச் சாக்கடை வேலை முடியவில்லை, மழைநீர் வடிகால் இன்னும் பின்தங்கியது. சென்னையின் பணபலம் உள்ள மாநகராட்சியிலேயே அவ்வளவு காலம் என்றால், 20 கோடி வருமானம் போதும் என்று தகுதி பெறும் ஒரு சிறு மாநகராட்சி தன் ஓரத்து ஊர்களுக்கு எப்போது வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

பிரதிநிதித்துவம் அடுத்த கவலை. காரைக்குடி நகராட்சியில் 36 வார்டு, அதாவது வார்டுக்கு ஏறத்தாழ 3,000 பேர். மாநகராட்சி ஆன பிறகு வார்டுக்கு 4,000 என்று வைத்துக்கொண்டால் சுமார் 7,500 பேர் உள்ள கண்டனூருக்கு இரண்டு கவுன்சிலர்கள் கிடைப்பார்கள். அது தன் சொந்த மன்றமும் தலைவரும் வைத்திருந்த ஊர். 15,000 பேரை ஒட்டிய கோட்டையூருக்கு நான்கு. தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தால் இந்த ஆறு பேரும் சேர்ந்தாலும் பழைய நகர வார்டுகளுக்கு முன்னால் சிறுபான்மைதான். எனவே ஏற்கெனவே பேரூராட்சியாக, சொந்தக் காலில் நிற்கும் ஊர்களை மாநகராட்சியின் தலைக்கணக்குக்காக இழுத்துச் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. கண்டனூர் காரைக்குடியோடு வீட்டுக்கு வீடு ஒட்டிய ஊரும் அல்ல, நடுவில் வயலும் பொட்டலும் இருக்கின்றன. அந்த ஊர்களை விட்டுவிட்டு, ஒட்டிக்கிடக்கும் சங்கராபுரம் போன்ற பகுதிகளை மட்டும் சேர்த்திருந்தால் கணக்கு 2 லட்சத்தைத் தொட்டிருக்காது, மாநகராட்சி என்ற பெயரும் வந்திருக்காது. வராமல் போயிருந்தால் என்ன நட்டம் என்றுதான் கேட்கிறேன். சிறப்பு நிலை நகராட்சியாகவே இருந்துகொண்டு தன் ஓரத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கலாமே.

மாநகராட்சி ஆனால் கூடவே வரும் என்று ஊரில் நம்பும் சில விஷயங்கள் வரவே வராது. மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படி, கணக்கெடுப்பில் 5 லட்சம், 50 லட்சம் என்ற அளவுகளைத் தாண்டும் நகரங்களுக்குத்தான் உயரும், பெயர்ப்பலகைக்கு அல்ல. பட்டா, சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் எல்லாம் வருவாய்த் துறை, உள்ளாட்சி மாறியதால் நாளைக்கே மாறாது. ரேஷன் கடையும் அப்படியே. 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்குச் சுயசான்று முறை 2024 ஜூலையில் வந்துவிட்டதால், 'பஞ்சாயத்து என்றால் பிளான் அப்ரூவல் சுலபம்' என்ற பழைய வாதமும் பெரும்பாலும் போய்விட்டது, கட்டணத்தில்தான் வித்தியாசம். ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்தே போனது. மனை விலை ஏறும் என்பார்கள். ஏறும், விற்கிறவருக்கு. அங்கேயே குடியிருக்கப் போகிறவருக்கு அதனால் வரி கூடுவதைத் தவிர வேறு பலன் கிடையாது.

ஆக என் முடிவு இது. ஊரில் பாதிக்கு மேல் விவசாயமும் கூலி வேலையும் என்றால், நகரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் வெற்று நிலம் இருந்தால், ஊராட்சியாகவே இருங்கள், இணைப்பை எதிர்த்துத் தீர்மானம் போடுங்கள், அதில் வெறும் உணர்ச்சியை எழுதாமல் எத்தனை குடும்பம் நூறு நாள் வேலைக்குப் போகிறது, எத்தனை ஏக்கர் சாகுபடி என்று எண்ணோடு எழுதுங்கள். 10,000 பேரைத் தாண்டிவிட்டது, கடைத்தெரு இருக்கிறது, விவசாயம் குறைந்துவிட்டது, ஆனால் ஊர் தனி ஊராகத்தான் நிற்கிறது என்றால் பேரூராட்சி கேளுங்கள், காத்திருக்க வேண்டாம், நீங்கள் கேட்காவிட்டால் பக்கத்து நகரம் உங்களைக் கேட்கும். நகரத்தோடு ஒட்டிவிட்ட இடம் என்றால் சேருங்கள், ஆனால் சும்மா சேராதீர்கள்.

சேர்வதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில. வரியை ஒரே ஆண்டில் நகர அளவுக்கு ஏற்றாமல் படிப்படியாக ஏற்ற ஒரு கால அட்டவணை. வார்டு மறுவரையறையில் உங்கள் ஊரை உடைத்துப் பழைய நகர வார்டுகளின் வாலில் ஒட்டாமல் தனி வார்டுகளாகவே வைப்பது. பழைய ஊராட்சி அலுவலகத்தை மூடாமல் வரி கட்டவும் புகார் கொடுக்கவும் ஓர் உள்ளூர் அலுவலகமாக வைப்பது. ஊருணி, கண்மாய், மேய்ச்சல் புறம்போக்கு இவற்றின் சர்வே எண்ணோடு கூடிய பட்டியலை மாநகராட்சிப் பதிவேட்டில் ஏற்றுவது. இந்தக் கடைசி விஷயத்தை யாரும் கேட்பதில்லை, எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றுகிறது. நிர்வாகம் கை மாறும் அந்தச் சில மாதங்களில்தான் புறம்போக்கில் வேலி ஏறும், பழைய பதிவேடு எங்கே என்று கேட்டால் இரண்டு அலுவலகமும் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள். அப்புறம் டேங்க் ஆபரேட்டர், தூய்மைக் காவலர் இவர்களின் வேலை. நகரத்தில் இந்தப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்திடம் போகின்றன, பத்து வருடம் ஊருக்குத் தண்ணீர் விட்டவர் இணைப்போடு நடுத்தெருவில் நிற்கக்கூடாது.

கணக்கெடுப்புக்காக நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31-க்குள் முடித்துக்கொள்ளச் சொல்லி மாநிலங்களுக்கு மத்திய அரசு கெடு வைத்தது, அதன்பின் கணக்கெடுப்பு முடியும்வரை எல்லையில் கைவைக்க முடியாது. இன்னும் இணைக்கப்படாத ஊர்களுக்கு அதுவரை நேரம் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு முன்னால் வீட்டு வரிப் பதிவேட்டின் நகலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள், வீட்டுக்கு எவ்வளவு கேட்பு (அதாவது விதித்த வரி), எவ்வளவு வசூல் என்ற இரண்டு எண் கையில் இருந்தால் மேலே சொன்ன எந்த வழியைப் பற்றியும் உங்களால் அதிகாரியிடம் உட்கார்ந்து பேச முடியும்.